"கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்கிறவருக்கு என்ன பதில்? சங்கீதம் 22, 88, ஆன்மிக வறட்சி

சீடன்:

நோயாளிகளையும் துக்கத்தில் இருப்பவர்களையும் சந்திக்கப் போகும் குழுவுக்கு நான்கு வாரப் பயிற்சி தயாராகிறது. முதல் வாரத்திலேயே எழப்போகும் கேள்வி இதுதான். பல வருடம் ஒழுங்காக ஜெபித்தவர், நீண்ட நோயிலோ பிள்ளையைப் பறிகொடுத்த பிறகோ, "ஜெபம் கூரைக்கு மேலே போகவில்லை, அவர் என்னை விட்டுவிட்டார்" என்கிறார். அப்படிச் சொல்வது அவிசுவாசமா? இயேசு சிலுவையில் சொன்னதும் இதே வார்த்தைதானா, அல்லது சங்கீதத்தை மேற்கோள் காட்டினாரா? ஜெபத்தில் ருசியும் ஆறுதலும் அற்றுப்போகிற ஆன்மிக வறட்சியையும் மனச்சோர்வு நோயையும் எப்படிப் பிரித்து அறிவது? வேத வசனத்தோடும், நேரில் போய் நிற்கிறவர் கையாளக்கூடிய வழிமுறையோடும் பதில் எழுதினால் நல்லது. எல்லாச் சபையாரும் எழுதுங்கள்.

யாப்போக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

அவிசுவாசம் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். தேவஜனத்தின் ஜெபப் புத்தகத்தில் இவ்வளவு இடம் முறையீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் ஆராதனைகளிலோ அதற்கு இடமே இருப்பதில்லை. அதனால்தான் துன்பம் வந்தவர் பேச வார்த்தையில்லாமல் நிற்கிறார், பிறகு தன் விசுவாசத்தையே சந்தேகிக்கிறார்.

பயிற்சிக்கு 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம், ஆனால் புலம்பலின் உறுப்புகள் எல்லாம் அதில் உண்டு. 1, 2 வசனங்கள் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. கேள்விகள் போகும் திசையைக் கவனியுங்கள். முதல் இரண்டும் தேவனைப் பற்றியவை, மூன்றாவது தன் உள்ளத்தைப் பற்றியது, நான்காவது சத்துருவைப் பற்றியது. துன்பப்படுகிறவருக்கு வலிக்கிற மூன்று இடமும் அதுவே. 3, 4 வசனங்கள் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கூடவே காரணமும் வைக்கப்படுகிறது: இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன், என் எதிரி ஜெயித்தேன் என்பான். 5, 6 வசனங்கள் நம்பிக்கை.

இதே வரிசையில் சொந்தமாக எழுதச் சொல்லலாம். ஒரு தாள், பத்து நிமிடம் போதும். முதலில் கூப்பிடும் பெயர்: கர்த்தாவே, அப்பா, இறைவா, வாயில் எது வருகிறதோ அது. பிறகு இரண்டு மூன்று வரி முறையீடு. பிறகு ஒரே ஒரு வேண்டுதல். கடைசியில் நம்பிக்கையின் வரி, வந்தால்.

இதில் பிசகுகிற இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முறையீட்டைப் பொதுப்படையாக எழுதுவார்கள்: "உலகத்தில் ஏன் இத்தனை கஷ்டம்?" அது கட்டுரையின் கேள்வி. "மூன்றாவது கீமோவுக்குப் பிறகும் ஏன் கட்டி குறையவில்லை?" என்பது ஜெபம். அடுத்தது, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் "ஆனாலும் உமது சித்தம்" என்று சேர்த்து முறையீட்டை அங்கேயே மூடிவிடுவது. சங்கீதக்காரன் முறையீட்டை முடித்த பிறகுதான் அடுத்த படிக்குப் போகிறான். மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கும்: 5-ஆம் வசனத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போவது. 2-க்கும் 5-க்கும் நடுவே சங்கீதக்காரனுக்கு எத்தனை நாள் ஆனதென்று வேதம் சொல்லவில்லை. தாளில் கடைசி வரி காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். எழுதியதைக் குழுவில் வாசிக்கவும் சொல்லாதீர்கள், அது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ளது.

பெரேயா:

சகோ. யாப்போக்கு, ஒரு தடை உண்டு. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிக்கப்பட்டார்கள், அதைப் போல முறுமுறுக்காதிருங்கள் என்று 1 கொரிந்தியர் 10:10 எச்சரிக்கிறது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 இருக்கிறது. புலம்பலுக்கும் முறுமுறுப்புக்கும் கோடு எங்கே? அதைச் சொல்லாமல் விட்டால் கசப்புக்கு வேத அனுமதிச் சீட்டு கொடுத்ததாகிவிடும்.

யாப்போக்கு:

நியாயமான தடை. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்திலேயே விடை இருக்கிறது.

அங்கே ஜனங்கள் முறையிடுகிறார்கள், தண்டனை வருகிறது. அதே அதிகாரத்தில் மோசேயும் முறையிடுகிறான். "ஏன் எனக்கு இந்த உபத்திரவம்? இந்த ஜனங்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன்? இப்படித்தான் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும்" என்பதுதான் 11 முதல் 15 வரையுள்ள வசனங்களின் சாரம். ஜனங்கள் சொன்னதைவிடக் கடுமையான பேச்சு இது. அவனுக்குத் தண்டனை வரவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் கொடுக்கப்படுகிறார்கள்.

வித்தியாசம் எங்கே? ஜனங்கள் தேவனைப் பற்றிப் பேசினார்கள், மோசே தேவனிடம் பேசினான். உபாகமம் 1:27 அவர்கள் முறுமுறுத்த இடத்தையும் சொல்கிறது: தங்கள் கூடாரங்களில். கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எண்ணாகமம் 14:4-இல் அது முடிவாகவே ஆகிவிடுகிறது: வேறொரு தலைவனை ஏற்படுத்தி எகிப்துக்குத் திரும்புவோம். முறுமுறுப்பு உறவை முறிக்கப் பார்க்கிறது, புலம்பல் உறவைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறது. குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அளவுகோல் இல்லை, யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதே அளவுகோல். ஆகவே கசந்து பேசுகிறவரை வாயடைக்க வேண்டாம். "இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்" என்று திசையைத் திருப்பிவிட்டால் போதும்.

ஸ்தோத்திரம் பற்றி எரேமியா 20 பாருங்கள். 13-ஆம் வசனம் "கர்த்தரைப் பாடுங்கள்" என்கிறது. உடனே 14-ஆம் வசனம், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்கிறது. வேதத்தைத் தொகுத்தவர்கள் அதைச் சீர்செய்து வரிசை மாற்றவில்லை. ஸ்தோத்திரம் வந்துவிட்டதால் வேதனை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது, வேதனை திரும்பி வந்ததால் அந்த ஸ்தோத்திரம் பொய் என்றும் எண்ணக் கூடாது.

பெரேயா:

எண்ணாகமம் 11 சரியான இடம், ஏற்கிறேன். ஆனால் சிலுவைக்கு வருவோம். யூதர்கள் ஒரு சங்கீதத்தின் முதல் வரியைச் சொன்னால் முழுச் சங்கீதத்தையும் குறிப்பார்கள் என்று பல விளக்கவுரைகளில் படிக்கிறோம். 22-ஆம் சங்கீதம் 22-ஆம் வசனம் முதல் துதியில் முடிகிறது. எனவே இயேசு சொன்னது ஜெயத்தின் அறிக்கை, கைவிடப்பட்ட உணர்வு அங்கே இல்லை என்பது என் நிலைப்பாடு.

கார்மேல்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. முழுவதுமாக எடுத்துக்கொண்டால் மாற்கு நற்செய்தியே அதை எதிர்க்கிறது.

மாற்கு 15-ஐயும் திருப்பாடல் (சங்கீதம்) 22-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடையைப் பங்கிடுவது மாற்கு 15:24, அது திருப்பாடலில் 18-ஆம் வசனம். வழிப்போக்கர் தலையை ஆட்டிப் பழிப்பது 15:29, திருப்பாடலில் 7-ஆம் வசனம். கடைசியில் 15:34-இல் கூக்குரல், திருப்பாடலில் 1-ஆம் வசனம். மாற்கு அந்தப் பாடலைப் பின்னோக்கி நடத்திக்கொண்டு போகிறார், துதியிலிருந்து விலகி முதல் வரியின் இருளுக்கு. துதியை நினைவூட்டுவதே நோக்கம் என்றால் வரிசை இப்படிப் போயிருக்காது. சுற்றி நின்றவர்களும் துதியைக் கேட்கவில்லை. எலியாவைக் கூப்பிடுகிறான் என்றார்கள்.

இன்னொன்று. கெத்செமனியில் "அப்பா, தந்தையே" என்றவர் இங்கே "என் இறைவா" என்கிறார். ஆனால் "என்" போகவில்லை. கைவிட்டவரிடமே கேள்வி போகிறது. சகோ. யாப்போக்கு மோசேயைப் பற்றிச் சொன்னதன் உச்சி இதுதான்.

அப்படியானால் தந்தை மகனை உண்மையிலேயே விட்டுவிட்டாரா? இங்கே கவனமாக இருக்க வேண்டும். மூவொரு கடவுளுக்குள் பிளவு ஏற்பட்டது என்று சொல்ல முடியாது. கிறிஸ்து ஒரே ஆள், இரு இயல்பு என்று 451-இல் கால்செதோன் சங்கம் அறிக்கையிட்டது. தம் மனித இயல்பில், மனிதர் படக்கூடிய கைவிடப்பட்ட நிலையை அவர் முழுவதும் பட்டார். தந்தை தலையிட்டுக் காப்பாற்றாமல் சாவுக்குக் கையளித்தார், அந்தப் பொருளில் கைவிடுதல் உண்மை. அன்பு நின்றுபோனது என்ற பொருளில் இல்லை. புனித அகுஸ்தீன் இன்னொரு கோணம் தருகிறார்: தலையாகிய கிறிஸ்து தம் உடலாகிய திருச்சபையின் குரலில் பேசுகிறார், அந்தக் கேள்வி நம்முடையது, அவர் வாயில் எடுத்துக்கொண்டார்.

உங்கள் மரபிலும் இது உண்டு, பெரேயா ஐயா. கிறிஸ்து ஆத்துமாவில் கொடிய வேதனைப்பட்டார் என்று கால்வின் அழுத்திச் சொல்கிறார். கூடவே, தேவன் அவர்மேல் ஒருபோதும் பகையாய் இருந்ததில்லை என்றும் சேர்க்கிறார். சீர்திருத்தச் சபைகளின் 1563-இன் ஹைடல்பெர்க் வினாவிடையில் 44-ஆம் கேள்வி, விசுவாசப் பிரமாணத்தில் வரும் "பாதாளத்தில் இறங்கினார்" என்பதற்கு விளக்கம் தருகிறது: என் மிகக் கடுமையான சோதனைகளில் கிறிஸ்து பட்ட வேதனையால் நான் மீட்கப்பட்டேன் என்று உறுதி கொள்வதற்காக. கைவிடப்பட்டவர் நிற்கும் இடத்தில் அவருக்கு முன்பே கிறிஸ்து நின்றிருக்கிறார் என்பதே இரண்டு பக்கமும் சொல்வது.

துதிப் பகுதி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருப்பாடல் 22:24 முக்கியம்: உபத்திரவப்பட்டவனுக்கு அவர் தம் முகத்தை மறைக்கவில்லை. 1-ஆம் வசனத்துக்குத் தந்தை தந்த பதில் உயிர்ப்பில் வெளியானது. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை இருக்கிறது, அவ்வளவுதான். சந்திக்கப் போகிறவர் பல நேரம் அந்தச் சனிக்கிழமையில்தான் போய் உட்காருகிறார்.

பெரேயா:

பின்னோக்கிய வரிசையை நான் கவனித்ததில்லை. முழுச் சங்கீதமும் பின்னணியில் உண்டு என்பதை விடமாட்டேன். ஆனால் வேதனை உண்மை என்பதைக் குறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எபிரெயர் 5:7-உம் "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" என்கிறதே.

பாவம் காரணமாக இருக்கலாம் என்பதை யாரும் தொடவில்லை. "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது" என்று ஏசாயா 59:2 இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பீர்கள்?

கார்மேல்:

அதற்கு இஞ்ஞாசியாரிடம் போக வேண்டும். லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், அந்தப் பயிற்சியின் முதல் வாரத்துக்கு 14 விதிகள் தந்திருக்கிறார். வறட்சியை இவ்வளவு நுணுக்கமாகக் கையாண்டவர் குறைவு. உங்கள் குழுவுக்கு நேரே பயன்படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

9-ஆம் விதி மூன்று காரணம் சொல்கிறது. ஒன்று, நம் அசட்டை: செபத்தில் சோம்பல், பாவம். இரண்டு, சோதனை: ஆறுதல் என்ற கூலி இல்லாமலும் எவ்வளவு தூரம் நடப்போம் என்று தெரியவருவது. மூன்று, ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று உள்ளே உணர்வது. மூன்றில் ஒன்றுதான் பாவம். வீட்டுக்குப் போகிறவர் முதலாவதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போவதால்தான் கெடுகிறது.

பாவம்தானா என்று பார்க்க நடைமுறையில் ஒரு வழி உண்டு. தூய ஆவியார் உணர்த்தும் குற்றத்துக்குப் பெயரும் முகமும் இருக்கும். நாத்தான் தாவீதிடம் உரியாவின் விஷயத்தைச் சொன்னார், பொதுவாக "நீ கெட்டவன்" என்று சொல்லவில்லை. பெயரோடு ஒரு பாவம் தெரிந்தால் அறிக்கையிட்டு, கெடுத்ததைச் சரிசெய்தால் அது முடிகிறது. எவ்வளவு தோண்டினாலும் பெயர் அகப்படாமல் "எங்கேயோ தப்பு செய்திருப்பேன்" என்று சுற்றிக்கொண்டே இருந்தால் தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நோயும் விபத்தும் இன்னாருடைய பாவத்தால் வந்தது என்று நாம் வெளியிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி லூக்கா 13:4-இலும், பிறவிக் குருடரைப் பற்றி யோவான் 9:3-இலும் ஆண்டவரே அந்தக் கணக்கை மறுத்துவிட்டார்.

5-ஆம் விதி: வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. துறவை விடுவது, சபையை விட்டுப் போவது, அழைப்பை உதறுவது எல்லாம் காத்திருக்கட்டும். 6-ஆம் விதி: தீர்மானத்தை மாற்றாதே, ஆனால் உன்னை மாற்று. செபத்தையும் மனச்சான்று ஆய்வையும் சற்றுக் கூட்டு. ஒரு மணி நேரம் செபிக்கிற வழக்கம் உள்ளவர் வறட்சியில் ஒரு மணி முடிந்தும் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று முன்குறிப்பில் சொல்கிறார். பாதியில் எழுந்து போகத் தூண்டும் இழுப்பை எதிர்க்க இந்தச் சிறு கூடுதல் போதும். ஆனால் இந்த விதி உடல்நலத்தோடு பயிற்சியில் இருப்பவருக்கு. கீமோ எடுப்பவரிடமோ தூங்காமல் கிடப்பவரிடமோ "இன்னும் அதிகம் செபியுங்கள்" என்று இதைக் காட்டக் கூடாது. அவருக்கு ஒரே ஒரு வரி, "ஆண்டவரே, இரக்கமாயிரும்", அதுவும் மூச்சோடு சேர்ந்து வந்தால் போதும். 13-ஆம் விதி: இரகசியமாக வைக்காதே, விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிடு.

அடுத்து சிலுவை யோவான் (1542–1591). வறட்சியின் ஒரு நிலைக்கு அவர் வைத்த பெயரான 'இருண்ட இரவு' என்றால் எல்லாக் கஷ்டத்துக்கும் பொதுப்பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அவரோ மூன்று அடையாளம் வைத்து அளக்கிறார். கடவுள் காரியத்திலும் ருசி இல்லை, உலகக் காரியத்திலும் ருசி இல்லை. கடவுளுக்கு ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை உள்ளே வேதனையாய் இருக்கிறது. முன்புபோல் கற்பனை செய்து, யோசித்துத் தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். செபத்தில் மட்டும் ருசி போய் வேறெல்லாவற்றிலும் ருசி இருந்தால் அது அசட்டையாக இருக்கலாம். இரண்டாவது அடையாளம் உள்ளவர் அசட்டைக்காரர் இல்லை, அசட்டைக்காரருக்கு அந்தக் கவலையே வராது. "என்னை விட்டுவிட்டார்" என்று அழுகிறவரிடம் இதைச் சொல்லலாம். உடல்சார்ந்த மனச்சோர்வும் இதோடு கலந்திருக்கலாம் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர் எழுதிவிட்டார். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது.

குழந்தை தெரேசா 1896 பாஸ்கா காலத்திலிருந்து 1897 செப்டம்பரில் இறக்கும் வரை விண்ணகமே இல்லையோ என்ற இருளில் இருந்தார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமல் ஊழியம் செய்தது தெரியவந்தது. இந்தப் பெயர்களை ஒருமுறை சொன்னால் போதும். நோயாளியிடம் "நீங்களும் புனிதர்போல" என்று நீட்டினால் வலிக்கும்.

விழித்துணை:

ஆற்றுப்படுத்தும் பணியின் பக்கத்திலிருந்து. சகோ. கார்மேல் கடைசியில் சொன்ன "கலந்திருக்கலாம்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது என்று தீர்மானித்த பிறகுதான் உதவி என்று காத்திருக்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வழி செய்யலாம்.

நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நேரம் எது என்று தெரிந்தால் போதும். மனத்தாழ்வோ, எதிலும் ஆர்வமின்மையோ, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா? கூடவே தூக்கம், பசி மாறியிருக்கிறதா? அசதி, கவனம் நிற்காமை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு இவை உண்டா? பல சேர்ந்திருந்தால் அனுப்புங்கள். தைராய்டு சுரப்பு குறைவதும் வைட்டமின் பி12 குறைவதும் இதே முகத்தோடு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரியும். துக்கம் பெரும்பாலும் விட்டுவிட்டு எழும், நடுவே பழைய நினைவில் சிரிப்புகூட வரும். நோய் அந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை.

மருந்து எடுக்கிறவரிடம் "விசுவாசத்தோடு நிறுத்திவிடுங்கள்" என்று யாரும் சொல்லிவிடாதபடி பாருங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும், நோயும் திரும்பலாம். "சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் போதாது" என்போருக்குப் பவுலின் கூட்டாளிகளையே காட்டலாம்: துரோப்பீமு மிலேத்துவில் வியாதியாய் விடப்பட்டார் (2 தீமோ 4:20), எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தார் (பிலி 2:27), தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் (1 தீமோ 5:23).

1 இராஜாக்கள் 19-ஐ வரிசையாகப் படியுங்கள். எலியா, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூக்கம், அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி ஆகாரம். "உனக்கு இங்கே என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேபில்தான் வருகிறது, 40 நாள் நடைக்குப் பிறகு. நம் ஆட்கள் அந்தக் கேள்வியைச் சூரைச்செடியின் கீழேயே கேட்டுவிடுகிறார்கள்.

சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள்: "உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பெரும்பாலும் இறுக்கம் குறையும். ஆம் என்றால் அடுத்து, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் தனியாக விடாதீர்கள், பொருளை அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதை இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு வகையினர் உண்டு. மன்னிக்கப்படாத பாவம் (மாற்கு 3:29) செய்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பதில் சொன்னால் ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மீண்டும் அதே கேள்வி. இது பெரும்பாலும் எண்ண சுழற்சி நோய் (OCD). ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்வதே நோய்க்குத் தீனி. ஒரே ஆளிடம், வாரத்தில் குறித்த ஒரு நேரத்தில் மட்டும் பேசுவது, அதே கேள்விக்கு மறுபடி பதில் சொல்லாமலிருப்பது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் அனுப்புவது. இஞ்ஞாசியாரே இந்த மனசாட்சிச் சிக்கலில் கடுமையாக அவதிப்பட்டவர்.

மார்த்தாள்:

சகோ. கார்மேல் சொன்ன 5-ஆம் விதிக்கு ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். "வறட்சியில் முடிவை மாற்றாதே" என்பதை அடி வாங்கும் மனைவியிடமோ கொடுமைக்குள்ளான பிள்ளையிடமோ சொல்லிவிடக் கூடாது. பாதுகாப்பைத் தேடிப் போவது அந்த வகை முடிவு இல்லை. "ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள்" என்பது மத்தேயு 10:23. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார், பிறகு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டார். தவிர்க்கக்கூடிய துன்பத்தைச் சிலுவை என்று பெயரிட்டுச் சுமக்கவைப்பது பாவம்.

கார்மேல்:

மிகச் சரி, சகோதரி. இதைப் பாடக் குறிப்பில் எழுதியே வையுங்கள்.

மார்த்தாள்:

இனி சந்திப்பு. யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 42:7-இல் தேவனுக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல், இத்தனை கேள்வி கேட்ட யோபின்மேல் இல்லை.

மருத்துவமனை என்றால் 15, 20 நிமிடம் போதும். நிற்காமல் உட்காருங்கள், கண்மட்டம் சமமாக இருக்கட்டும். "ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் "என்ன கேட்டு ஜெபிக்கணும்?" என்று அடுத்த கேள்வி. அவர் சொன்ன வார்த்தையையே ஜெபத்தில் வையுங்கள். "கோபமா இருக்கு" என்றால் "ஆண்டவரே, இவர் கோபமாக இருக்கிறார்" என்று சொல்லுங்கள், அதைச் "சோர்வு" என்று மென்மையாக்காதீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் நுழைந்துவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ரோமர் 8:28 உண்மையான வசனம்தான். அது துன்பப்படுகிறவர் தாமே ஒருநாள் சொல்ல வேண்டியது, நாம் அடக்கத்தன்று நீட்ட வேண்டியது இல்லை. அதற்கு இரண்டு வசனம் முன்னால் 8:26 இருக்கிறது: என்ன வேண்டுவதென்று அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். ஜெபிக்க முடியவில்லை என்பவருக்கு அது மருந்து. "தேவனுக்கு ஒரு பூ தேவைப்பட்டது" என்று பிள்ளையை இழந்த தாயிடம் யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள். அது வேதத்தில் எங்கும் இல்லை.

யாக்கோபு 5:14-இன்படி மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிப்பதைக் கேட்காமலே செய்ய வேண்டாம், கேட்டால் தள்ளிப்போடவும் வேண்டாம். கத்தோலிக்க வீடுகளில் நோயில்பூசுதல் என்றாலே சாவு என்று பயப்படுவார்கள். கடும் நோய் தொடங்கும்போதே, பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம் என்று சொல்லிவையுங்கள்.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்து முதல் சில வாரம் வீடு நிறைய ஆட்கள், பிறகு ஒருவரும் இல்லை. கைவிடப்பட்ட உணர்வு முற்றுவது அந்த நேரத்தில். குழுவின் நாட்குறிப்பில் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், ஆண்டு நினைவு நான்கையும் அன்றைக்கே குறித்து, யார் போவது என்று பெயரும் எழுதிவிடுங்கள். "ஏதாவது தேவைன்னா கூப்பிடுங்க" என்றால் கூப்பிடமாட்டார்கள். "வியாழன் நாலு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நிற்க வேண்டும். மனுஷர் வராதபோது தேவனும் வரவில்லை என்றே தோன்றும். 88-ஆம் சங்கீதத்தின் கடைசிப் புகாரே அதுதான்: சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள்.

சீடன்:

எல்லாருக்கும் நன்றி. சகோதரி மார்த்தாள் 88-ஐச் சொன்னதால் கடைசிக் கேள்வி. அதை வகுப்பில் வாசிக்கலாமா? நம்பிக்கை வரி ஒன்றும் இல்லாமல் முடிகிறதே, கேட்பவர் உடைந்துபோவார்களோ என்று குழுவில் தயக்கம். பின்னாலே 23-ஆம் சங்கீதத்தைச் சேர்க்கலாமா?

யாப்போக்கு:

சேர்க்காதீர்கள். 88-ஐ அப்படியே விட்டால்தான் அது வேலை செய்யும். முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று வருகிறது, நம்பிக்கை என்றால் அது ஒன்றே. பிறகு 1, 9, 13 வசனங்களில் இரவும் பகலும், அநுதினமும், காலையிலும் கூப்பிடுகிறேன் என்கிறான். பதில் வரவில்லை, கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. புலம்பல் புத்தகமும் அப்படித்தான். 3-ஆம் அதிகாரத்தின் நடுவே கர்த்தருடைய கிருபை காலைதோறும் புதியது என்று வருகிறது, நாம் அதை மட்டும் அட்டையில் அச்சடிக்கிறோம். ஆனால் கடைசி வசனம் 5:22, எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வி.

கார்மேல்:

திருச்சபையின் வழக்கமும் துணை நிற்கிறது. எங்கள் திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளி இரவு செபத்துக்கும் உரிய திருப்பாடல் 88 தான். ஆங்கிலிக்கப் பொது ஜெபப் புத்தகத்தில் புனித வெள்ளி மாலைக்கு அது உண்டு. கீழைச் சபைகள் காலை செபத்தின் ஆறு திருப்பாடல்களில் ஒன்றாக அதைச் சொல்கின்றன. உடைந்துபோகாமல் இத்தனை நூற்றாண்டாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்த்தாள்:

வாசிப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்: இதில் ஆறுதல் வரி வராது, யாருக்காவது இன்று தாங்காது என்றால் வெளியே போய் உட்காரலாம், ஒருவர் கூட இருப்பார். கூட இருக்கப் போகிறவரை முன்பே நியமியுங்கள். ஒரே குரலில், நிதானமாக, 18 வசனமும் நான்கு நிமிடத்துக்குள் முடியும். முடிந்ததும் இரண்டு நிமிடம் மௌனம், கடிகாரம் பார்த்து. பாட்டு வேண்டாம், இசை வேண்டாம். பிறகு ஒரே கேள்வி: "எந்த வரி உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய வரி?" அதைப் பேசி முடித்த பிறகு 13-ஆம் சங்கீதத்தை எடுத்து எழுதும் பயிற்சிக்குப் போங்கள். மொத்தம் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பத்து நிமிடத்தைக் காலியாக விடுங்கள், தனியாகப் பேச வேண்டியவர்கள் அப்போதுதான் வருவார்கள்.

விழித்துணை:

அந்தப் பத்து நிமிடத்தில் குறைந்தது இருவர் அறையிலேயே இருக்க வேண்டும். சாவைப் பற்றி யாராவது பேசினால் ஒருவர் கூட இருக்கலாம், மற்றவர் வீட்டாரையும் மருத்துவரையும் அழைக்கலாம்.